உப்புக்காற்றில் ஒரு புழக்கடைத் தோட்டம்

கேள்வி: கடலுக்குப் பக்கத்தில் புது வீடு கட்டியிருக்கிறோம். பின்பக்கம் 20 அடிக்கு 15 அடி இடம், முழுக்க மணல். எலுமிச்சையும் அவரையும் வைத்தோம். இலை ஓரம் கருகிப் பட்டுப்போயின. செங்கல்பட்டுப் பக்கமிருந்து ஒரு லோடு செம்மண் இறக்கலாமா?
— வாசகி, தேவனேரி

பதில்: செம்மண்ணுக்கு இப்போதே அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இலை ஓரம் கருகுவது பெரும்பாலும் உப்பின் வேலை. எலுமிச்சை, அவரை இரண்டுமே உப்புக்குச் சுருண்டுவிடுகிற ஜாதி. உப்பு வரும் வழி இரண்டு: தண்ணீர், காற்று. முதலில் அவற்றைக் கவனியுங்கள், மண் அப்புறம்.

போர் தண்ணீரை டி.டி.எஸ். மீட்டரில் பாருங்கள். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் பாசன அளவுகோல்படி 450-க்குள் இருந்தால் கவலையில்லை; 2,000-ஐத் தாண்டினால் பெரும்பாலான காய்கறிகளுக்கு ஆகாது. ஆர்.ஓ. மெஷின் கழிக்கும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறீர்களா? இன்றே நிறுத்துங்கள். போரில் இருந்த உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கும்.

தண்ணீர் உப்பாக இருக்கிறதென்று போரை இன்னும் ஆழமாக இறக்குவதும் தப்பு. கடலோர மணலில் மழைநீர் கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. ஆழம் போனாலும், மோட்டாரை மணிக்கணக்கில் ஓட்டினாலும் கீழே இருக்கும் உப்பு மேலேறும். பழைய ஆட்கள் ஆழமில்லாத உறைக்கிணறு இறக்கி, அளவாக இறைத்தது அதனால்தான். உங்கள் மொட்டைமாடி 1,000 சதுர அடி என்று வையுங்கள். 10 செ.மீ. மழைக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் விழும். அதில் ஒரு பகுதியைத் தொட்டியில் பிடியுங்கள். மீதியை உறைக்கிணற்றுப் பக்கம் மண்ணுக்குள் விடுங்கள்.

அடுத்து காற்று. கிழக்கே காம்பவுண்டை உயர்த்தினால் போதும் என்று கொத்தனார் சொல்வார். காற்று சுவரைத் தாண்டிக் குதித்து அந்தப் பக்கம் சுழன்றடிக்கும். வடிகட்டுகிற உயிர்வேலிதான் வேண்டும். பூவரசங்கிளைகளை வெட்டி 3 அடிக்கு ஒன்றாக நட்டு, நடுவில் நொச்சியும் காகிதப்பூவும் வையுங்கள். பூவரசை ஆள் உயரத்துக்குமேல் விடாமல் வெட்டிக்கொண்டே இருங்கள். மென்மையான செடிகளெல்லாம் இந்த வேலியின் மறைவில்தான். பலத்த கடற்காற்று அடித்து ஓய்ந்ததும் இலைகளை நல்ல தண்ணீரால் அலசிவிடுங்கள்.

இனி மண். மணல்மேல் செம்மண்ணைப் பரப்பினால் மேலே இறுகி ஏடு கட்டும். தண்ணீர் சீராக இறங்காது. அதனால் பரப்பாமல் கலக்க வேண்டும்: மணல் 2 பங்கு, ஏரி வண்டல் அல்லது செம்மண் 1 பங்கு, மக்கிய சாண எரு 1 பங்கு. ஒரு லோடு தேவைப்படாது. பாத்திக்கும் குழிக்கும் மட்டும் போதும். மரக்குழி 2 அடி ஆழம், 2 அடி அகலம். அடியில் தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க நெருக்கமாக அடுக்குங்கள். ஊற்றுகிற தண்ணீரை அவை பிடித்து வைத்து வேருக்கு மெதுவாகக் கொடுக்கும். தென்னை நார்க்கழிவு வாங்கினால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்து சேருங்கள். அதிலேயே உப்பு இருக்கும்.

கேள்வி: எதை, எந்த மாதம் நடுவது? ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது இங்கும் பொருந்துமா?
— வாசகர், கோவளம்

பதில்: உள்ளே திருக்கழுக்குன்றம், மதுராந்தகம் பக்கம் தாராளமாகப் பொருந்தும். கடலோரத்தில் நான் தைப்பட்டத்தைத்தான் சொல்வேன். நம் செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். கோடை முழுக்கச் சேர்ந்த உப்பை அந்த மழை கழுவி இறக்கிவிடும். கழுவின மண்ணில் தையில் கீரை, கத்தரி, கொத்தவரை விதையுங்கள். மரக்கன்றுகளை மட்டும் மழைக்கு முன், ஆவணி புரட்டாசியில் நட்டுவிடுங்கள். சப்போட்டா உப்பையும் மணலையும் தாங்கும். சின்ன இடத்துக்கு ஒன்று போதும். பாத்தி 3 அடி அகலத்துக்கு மேல் வேண்டாம். கரையில் நின்றே களை எடுக்கலாம். துணி துவைத்த தண்ணீர் பாயும் ஓரத்தில் கல்வாழை வையுங்கள். அந்தத் தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு விடாதீர்கள்.

கேள்வி: செப்டிக் டேங்க் பக்கத்தில் முருங்கை நன்றாக வளர்ந்திருக்கிறது. புயலில் விழுமோ என்று மாமியார் பயப்படுகிறார்.
— வாசகி, சதுரங்கப்பட்டினம்

பதில்: அவர் பயம் நியாயமானது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்று பார்த்தோம். 2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரத்தை ஒட்டியே கரையேறியது. முருங்கைக் கட்டை உறுதியற்றது. உயரமாக விட்டால் முறிந்து சுவர்மேல் விழும். ஒவ்வொரு புரட்டாசியிலும் மழைக்கு முன் இடுப்பு உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். தையில் துளிர்த்துக் கைக்கெட்டும் உயரத்தில் கீரை கொடுக்கும். டேங்கை ஒட்டி மரம் இருப்பதும் நல்லதல்ல. வெட்டிய கிளையில் ஒன்றை டேங்கிலிருந்து பத்தடி தள்ளி நடுங்கள். அது காய்க்கத் தொடங்கியதும் பழையதை எடுத்துவிடலாம். டேங்க் மூடியைச் சுற்றித் தொட்டிச் செடிகளே போதும். கழிவு எடுக்க வண்டி வரும் நாளில் நகர்த்திக்கொள்ளலாம்.