பாசிமணிச் செருப்பும் எனாமல் அடுக்கும்

கேள்வி: சிங்கப்பூரின் காத்தோங் வட்டாரப் பழம்பொருள்களைக் கண்ணாடிப் பேழையில் பூட்டி வைக்காமல் அன்றாடம் பயன்படுத்தலாமா?

பதில்: காத்தோங்கிற்குப் பெயர் தேடித்தந்த பழம்பொருள்கள், சீன மரபும் மலாய் மரபும் கலந்து வாழ்ந்த பெரனாக்கான் குடும்பங்களில் புழங்கியவையே ஆதலால், அவற்றைப் புழங்குவது முறைகேடன்று. இத்தகைய பொருள்களுக்கு, அங்கே ஈஸ்ட் கோஸ்ட் சாலை 208ஆம் எண் கட்டடத்தில், 2018இல் மறைந்த பீட்டர் வீ நடத்திய பழம்பொருள் இல்லம், கடையாகவும் அருங்காட்சியகமாகவும் விளங்கியது.

ஆயினும் எல்லாப் பொருளும் ஒரே வகையில் பயன்படுவதில்லை. மலாயில் ‘மங்குக் திங்காட்’ எனப்படும் எனாமல் அடுக்குச் சட்டி, அதாவது இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடிப் பூச்சு உருக்கி ஏற்றிய டிபன் கேரியர், பூச்சு பெயர்ந்த இடத்தில் துருப்பிடிப்பதாலும், பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதாலும், புளிக்குழம்பிற்கு ஏற்றதன்று. ஆனால் நூற்கண்டும் ஊசியும் வைக்க அதைவிட அழகான பெட்டி அரிது.

இப்பழம்பொருள்களுள் மற்றொன்றான ‘காசுட் மானெக்’ என்னும் பாசிமணிச் செருப்பை வாங்குவதினும் தைக்கக் கற்பதே மேலான இன்பம். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில், கடுகினும் சிறிய மணிகளை ஊசியால் ஒவ்வொன்றாகக் கோத்துத் தைத்து மேற்பகுதியை முடித்த பின்னரே, செருப்புத் தைப்பவர் அதனை அடிப்பகுதியோடு பொருத்துவார். ஒரு சோடி முடியப் பல மாதங்கள் ஆகலாம்.