கையில் இருந்தால் கரைஞ்சுடும்



பட்டு நெய்கிற வீடுகளில் கூலி நாள் எப்படிப் போகும் என்று ஆரணிப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சேலையை அறுத்துக் கொடுத்துவிட்டுப் பணத்தோடு வரும்போது, "இந்தத் தடவை மகள் காலேஜுக்குக் கொஞ்சம் எடுத்து வைக்கணும்" என்று மனசு சொல்லும். சாயங்காலத்துக்குள் மளிகைக் கடன், சொந்தக்காரர் மொய், பிள்ளை கேட்ட தின்பண்டம் என்று போய்விடும். அப்புறம் "எனக்குக் கட்டுப்பாடே இல்லை" என்று நம்மையே திட்டிக்கொள்கிறோம்.

இது குணக்கேடு இல்லீங்க. இன்றைய தேவை கண்ணெதிரே நிற்கும், காலேஜ் ஃபீஸ் தூரத்தில் இருக்கும். படித்தவர், பணக்காரர் எல்லாருக்கும் மனசு இப்படித்தான். ஆசை வரும் முன்பே முடிவைக் கட்டிப்போடுவதுதான் வழி.

2003-ல் பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டனாவோ தீவில், ஒரு கிராம வங்கி மூலம் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு தேதியோ தொகையோ நாமே குறிக்கணும். அது வரும்வரை பணத்தை எடுக்க முடியாது. கூடுதல் வட்டியும் கிடையாது! யார் சேருவாங்க என்று தோணும். 710 பேரைக் கேட்டதில் 202 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பூட்டுப் போட்ட உண்டியலும் வாங்கினார்கள், சாவி வங்கியிடம். ஒரு வருடத்தில், இந்தக் கணக்கு பற்றிச் சொல்லப்பட்டவர்களின் சேமிப்பு மற்றவர்களைவிட 81 சதவீதப் புள்ளி அதிகமாக வளர்ந்தது. வீட்டில் பேச்சு எடுபடாமல் இருந்த பெண்களுக்குச் செலவு விஷயத்தில் சொல்வாக்கும் கூடியது. எனக்கு இதுதான் பெரிய சேதி.

நம்ம சென்னையிலும் 229 சைக்கிள் ரிக்‌ஷா தொழிலாளர்களிடம் ஒரு ஆய்வு நடந்து 2019-ல் வெளியானது. பகலில் குடிக்காமல் வந்தால் பணம் தந்தார்கள். சம்பாத்தியம் கூடவில்லை, ஆனால் சேமிப்பு 50 சதவீதம் கூடியது. பாதிப் பேருக்கு மேல், சும்மா கிடைக்கும் பணத்தை விட்டுக்கொடுத்தாவது இந்தக் கட்டுப்பாடு வேணும் என்றார்களாம்! குடிக்கிறவருக்கும் தன் மனசு தெரியும்.

குழுச் சேமிப்பும் இப்படி ஒரு பூட்டுதான். ஆனால் அது எல்லாருக்கும் ஒரே தொகை. உங்க சொந்த லட்சியத்துக்குத் தனியாக ஒன்று வேணும். எட்டாவது படிக்கிற மகளுக்கு என்றால் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. பொருத்தம்: மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், 5 வருடம். எல்லாப் பணத்தையும் பூட்டிவிடாதீங்க. திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் கந்துவட்டிக்காரரிடம் நிற்க வேண்டிவரும்.

அடுத்த கூட்டத்தில் அவரவர் எதற்கு, எவ்வளவு, எந்த மாதத்துக்குள் என்று சொல்லி, ஊக்குநர் அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதட்டும். கட்ட வேண்டிய நேரம் கூலி வாங்கிய கையோடு, வீட்டு வாசலை மிதிக்கும் முன்னே.