மழைக்கு முன்பே தடுப்பூசி

குளிர்நாடுகளில் இன்ஃபுளூயன்சா காய்ச்சல் குளிர்காலத்தில் பெருகுகிறது. நம் நாட்டிலோ ஊருக்கு ஊர் அதன் பருவம் மாறுபடுகிறது. 2015-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று இதனைத் தெளிவாக்கியது. ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரையிலும், டெல்லி, புனே போன்ற நகரங்களில் தென்மேற்குப் பருவமழையின்போதும், சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் தொற்று உச்சமடைந்தது.

புதுச்சேரிக்குப் பெருமழை தருவதும் சென்னைக்குரிய அதே வடகிழக்குப் பருவமழைதான். மழைநாள்களில் கதவையும் சன்னலையும் அடைத்து, ஒரே அறையில் நெருங்கியிருக்கிறோம்; இருமலில் வெளிப்படும் நுண்துளிகள் காற்றோட்டமின்றி அங்கேயே தங்கிவிடுகின்றன.

தடுப்பூசி போட்டபின் உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ 2 வாரங்கள் ஆகும். எனவே முதியோர், கருவுற்ற தாய்மார், ஆஸ்துமா, நீரிழிவு, இதயநோய் உள்ளோர் ஆகியோர் மருத்துவரைக் கலந்து, ஆண்டுதோறும் மழை தொடங்குமுன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளுக்கும் இது பொருந்தும்.

மழை ஓய்ந்தால் நோயும் ஓய்ந்தது என்று எண்ணலாகாது. 2023-இல் காய்ச்சல் பரவியதால், புதுச்சேரியில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு மார்ச் 16 முதல் 26 வரை விடுமுறை விடப்பட்டது. ஆகவே எம்மாதமாயினும், காய்ச்சலோடு மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மனக்குழப்பம், உதடு நீலம்பாரித்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். வீட்டில் எஞ்சியுள்ள ஆன்டிபயாடிக் மாத்திரைகள் வைரஸை அழிப்பதில்லை. அவற்றை நம்பி நாள் கடத்த வேண்டா.