கல்வர்ட்டில் காணாமல் போகும் பாதை



கல்லூரிக்கு சைக்கிளில் வருகிறவர்களுக்கு பைபாஸில் உள்ள அந்தச் சின்னக் கல்வர்ட்டு நன்றாகத் தெரியும். அதுவரை தார் ஓரத்து மண் தரையில் நாம் பாட்டுக்கு வருவோம். கல்வர்ட்டில் மண் தரை காணாமல் போய்விடும். லாரியோடு லாரியாக நாமும் நுழைய வேண்டியதுதான். போன வருஷம் என் பெஞ்ச் நண்பன் லாரிக்கு ஒதுங்கினான். கைப்பிடிச் சுவர் முட்டிக்கால் உயரம்தான். ஆள் வாய்க்காலில் விழுந்து, தோள் எலும்பு முறிந்து, ஒரு செமஸ்டரே போச்சு.

அப்புறம்தான் லைப்ரரியில் ஐ.ஆர்.சி. 11-ஐத் தேடி எடுத்தேன். சைக்கிள் பாதைக்கான இந்திய சாலைக் காங்கிரஸின் விதிகள். முதலில் வந்தது 1962-ல், திருத்திய பதிப்பு 2015-ல். அந்தப் பழைய பதிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள்: பாதை குறைந்தது 2 மீட்டர் அகலம் வேண்டும்; சாலை பாலத்தில் ஏறினால் சைக்கிள் பாதையும் முழு அகலத்தோடு பாலத்தைக் கடக்க வேண்டும்; பாதையை ஒட்டிய கைப்பிடிச் சுவர் வழக்கத்தைவிட 15 செ.மீ. உயரமாக இருக்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்தவன் நடப்பவனைவிட உயரத்தில் இருக்கிறான், சாய்ந்தால் சுவரைத் தாண்டித்தான் விழுவான். இந்த 15 செ.மீ.யைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

ஐதராபாத்தில் 2023 அக்டோபரில் வெளிவட்டச் சாலையை ஒட்டி 23 கி.மீ. சைக்கிள் பாதை திறந்தார்கள். 4.5 மீட்டர் அகலம், மேலே 16 மெகாவாட் சூரிய மின் தகட்டுக் கூரை. நிழலுக்கு நிழல், கரண்டுக்குக் கரண்டு! ஆனால் அது நினைத்த இடத்தில் வண்டி ஏறி இறங்க முடியாத சாலை, குறுக்கீடு குறைவு. நம் பைபாஸில் எத்தனை ஊர்ச் சாலை, எத்தனை பெட்ரோல் பங்க்? லண்டனில் 1934-ல் வெஸ்டர்ன் அவென்யூ சாலையின் இருபுறமும் பாதை போட்டபோதே, கிளைச் சாலைதோறும் நிற்க வேண்டியிருக்கிறது என்று சைக்கிள்காரர்களே எதிர்த்தார்கள். ஆகவே கிலோமீட்டர் கணக்கு அப்புறம். முதலில் கல்வர்ட்டையும் குறுக்குச் சாலையையும் சரி செய்யணும்.

பைபாஸைக் கடக்க மேலே போவதா, கீழே போவதா? ஒரு கணக்குப் போடுவோம். மேலே என்றால் லாரிக்கு 5.5 மீட்டர் இடைவெளி, பாலத்தின் கனம் சேர்த்து 6 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். 30-க்கு 1 சரிவில் அது 180 மீட்டருக்கும் அதிகம். அந்தச் சரிவில் 90 மீட்டருக்கு மேல் சைக்கிளை ஏற்றக்கூடாது என்கிறது ஐ.ஆர்.சி. கீழே என்றால் தலைக்கு மேல் 2.25 மீட்டர் போதும். ஸ்லாப், அதன் மேல் சாலை எல்லாம் சேர்த்து 3 மீட்டர் என்று வையுங்கள். மூன்றை முப்பதால் பெருக்கினால் சரியாக 90!

சந்தோஷமாக நண்பனிடம் காட்டினேன். "மழைத் தண்ணி எங்கடா போகும்?" என்று ஒரே கேள்வி கேட்டான். அதுவும் நியாயம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ லெவலை வாங்கிக்கொண்டு போனோம். தோள் இன்னும் சரியாகாததால் அவன் ஸ்டாஃப் பிடிக்கவில்லை, ரீடிங் எழுதினான். சுரங்கத்தின் தரை வாய்க்கால் அடிமட்டத்தைவிட 1.2 மீட்டர் கீழே போகிறது. பம்ப் வைக்காமல் முடியாது. சாலையையே ஒரு மீட்டர் தூக்கினால் என்ன ஆகும் என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஃபீல்ட் புக் என்னிடம்தான் இருக்கிறது, சர்வே லேபுக்கு வந்தால் தருகிறேன்.