பைல் நாட்டுக்கு எட்டும் பக்கம்



சென்ற கோடை விடுமுறைக்கு முன் எங்கள் கணிப்பொறி வகுப்பில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்கு வித்து. விடுதிச் சேர்க்கை பற்றிய அறிவிப்பைப் பெற்றோர் கைப்பேசியிலேயே படிக்கும்படி ஓர் இணையப் பக்கம் அமைத்துத் தருமாறு எங்களிடம் கேட்கப்பட்டது. ஆர்வத்துக்குக் கேட்கவா வேண்டும்! முகப்பில் பள்ளிக் கட்டடத்தின் பெரிய படத்தை வைத்தோம். திரை விலகுவது போல் எழுத்துகள் தோன்றச் செய்தோம். அறிவிப்பையும் பூ வேலைப்பாட்டுடன் ஒரு படமாகவே வரைந்து ஒட்டினோம். ஆய்வுக் கூடத்துக் கணிப்பொறியில் அது கண்ணைப் பறித்தது. எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

எங்களுள் ஒருத்தி கொல்லிமலையில் பைல் நாட்டைச் சேர்ந்தவள். தங்கையையும் விடுதியில் சேர்க்க வேண்டும் என்பது அவள் வீட்டாரின் விருப்பம். அவளுடைய தந்தை, அலை கிடைக்கும் மேட்டுக்கு ஏறிச் சென்று எங்கள் பக்கத்தைத் திறந்திருக்கிறார். வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுழன்றுகொண்டே இருந்ததாம். மூன்று நாள் அப்படியே முயன்று பார்த்துவிட்டு, நாலாம் நாள் காட்டு வேலையைப் போட்டுவிட்டுப் பேருந்து ஏறி, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் பள்ளிக்கே வந்துவிட்டார். அன்றுதான் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள்! செய்தியை அறிந்ததும் அவர் கோபிக்கவில்லை. "ரெண்டு வரி சேதிதானே கண்ணு? அத மட்டும் போட்டிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. விடை தேடிப் படித்ததையும், படித்தபின் எங்களுக்குள் உறுதிப்பட்ட கருத்துகளையும் இங்கே உங்கள்முன் வைக்கிறோம்.

இலையில் உள்ள மூன்று

இணையப் பக்கம் என்பது மூன்று பொருள்களால் ஆனது. முதலாவது எச்.டி.எம்.எல். இது தலைப்பு, இது பத்தி, இது இணைப்பு என்று செய்தியை முறைப்படுத்துவது இதுவே. ஜெனீவா நகரையடுத்த செர்ன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ இதனை வகுத்தார். 1991-இல் உலகின் முதல் இணையத்தளம் வெளியாயிற்று. இரண்டாவது சி.எஸ்.எஸ். நிறம், எழுத்தின் அளவு, இடைவெளி ஆகிய தோற்றங்களைக் கவனிப்பது இதன் வேலை. இதன் முதல் விதித்தொகுப்பு 1996-இல் வந்தது. மூன்றாவது ஜாவாஸ்கிரிப்ட். பொத்தானைத் தொட்டால் ஏதேனும் நிகழச் செய்வது இது. 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் இதன் முதல் வடிவைப் பத்தே நாளில் உருவாக்கினார்.

இவற்றை நாம் சோறு, குழம்பு, அப்பளம் என்று நினைவில் கொள்ளலாம். அப்பளம் இல்லாவிட்டாலும் சாப்பாடு சாப்பாடுதான். குழம்பு வரத் தாமதமானாலும் சோறு இருந்தால் பசியாறலாம். வெறும் அப்பளத்தை வைத்து யாரும் விருந்து படைப்பதில்லை. நாங்களோ அதைத்தான் செய்திருந்தோம்.

ஒரு சிறு கணக்கு

எடையை அறியாமல் சுமையைப் பற்றிப் பேசுவது வீண். எனவே கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்று இணையத்தில் தமிழ் எழுதப் பயன்படும் முறை ஒருங்குறி. அதன் வழக்கமான வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் இடம் வேண்டும். 'பைல் நாடு' என்பதில் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணிப்பொறிக்கோ ப, ஐகாரக் குறி, ல, புள்ளி, ந, கால், ட, உகரக் குறி என எட்டுக் குறியீடு. எட்டை மூன்றால் பெருக்க 24. இடைவெளிக்கு ஒன்று. ஆக 25 பைட்.

ஒரு சொல்லுக்குச் சராசரி எட்டுக் குறியீடு எனக் கொண்டால், ஆயிரம் தமிழ்ச் சொற்கள் ஏறத்தாழ 25 கிலோபைட். கைப்பேசியில் எடுத்த ஒரு நிழற்படமோ எளிதாக 3 மெகாபைட் இருக்கும். அதாவது 3,000 கிலோபைட். ஒரு படத்தின் எடையில் இது போன்ற 120 கட்டுரைகளை அனுப்பிவிடலாம்!

அலை மெலிந்த மலைச்சரிவில் வினாடிக்கு 100 கிலோபிட் வேகமே கிடைப்பதாகக் கொள்வோம். எட்டு பிட் ஒரு பைட் ஆதலால், வினாடிக்கு வருவது 12.5 கிலோபைட். கட்டுரை இரண்டே வினாடியில் வந்து சேரும். படம் வர நான்கு நிமிடம் ஆகும். நடுவில் அலை அறுந்தால் அதுவும் இல்லை. தோழியின் தந்தை கண்ட சுழலும் வட்டத்தின் பொருள் இப்போது விளங்குகிறது அல்லவா? "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்ற நம் பாட்டிமாரின் மொழி இணையத்துக்கும் பொருந்துவதே.

சட்டகங்கள் தேவையா?

பக்கம் கட்டுவோர் ஒவ்வொன்றையும் தாமே எழுதாமல், முன்பே எழுதிவைத்த நிரல்களை எடுத்தாளுவர். அத்தகைய தொகுப்புகளுக்கு நூலகம் என்றும் ஃபிரேம்வொர்க் என்றும் பெயர். ஃபிரேம்வொர்க்கைத் தமிழில் சட்டகம் எனலாம். 2006-இல் ஜேகுவெரி, 2010-இல் ஆங்குலர்ஜேஎஸ், 2011-இல் பூட்ஸ்ட்ராப், 2013-இல் ரியாக்ட் என இவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

இவற்றை நாங்கள் குறை கூறவில்லை. நொடிக்கு நொடி மாறும் திரைகள், பலர் ஒரே வேளையில் திருத்தும் பெரிய பதிவேடுகள் ஆகியவற்றுக்கு ரியாக்ட் போன்றவை உற்ற துணை. ஆனால் ஓர் அறிவிப்புப் பலகைக்கு அது எதற்கு? ரியாக்ட்டின் அடிப்படைப் பகுதி மட்டுமே, சுருக்கி அனுப்பினாலும், 40 கிலோபைட்டுக்குக் குறையாது. இரண்டு வரிச் செய்திக்கு அதைச் சுமத்துவது, ஒரு படி சாமையைச் சந்தைக்குக் கொண்டுபோக லாரி பிடிப்பது போன்றது.

இன்னொன்றும் உண்டு. சட்டகங்களுக்கு ஆயுள் குறைவு. பலரும் விரும்பிக் கற்ற ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு 2021-ஆம் ஆண்டின் முடிவோடு கூகுள் நிறுவனம் ஆதரவை நிறுத்திக்கொண்டது. ஒரு காலத்தில் இணைய விளையாட்டுகளுக்கெல்லாம் உயிராயிருந்த ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-ஆம் நாளோடு ஓய்வு பெற்றது. ஆனால் 1991-ஆம் ஆண்டின் வெறும் எச்.டி.எம்.எல். பக்கத்தை இன்றைய கைப்பேசியிலும் திறந்து படிக்கலாம். 1993 ஏப்ரல் 30-ஆம் நாள் செர்ன் தன் வலை மென்பொருளைக் கட்டணமின்றி உலகத்தாருக்குப் பொதுவாக்கியது. பொதுவாக இருப்பது நிலைக்கும் என்பதற்கு இது ஒரு சான்று.

தமிழ் கற்ற பாடம்

இப்பாடத்தை நம் தமிழே ஒரு முறை பட்டுத் தெரிந்துகொண்டது. 1995-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் தமிழ் இணையத்தில் அடியெடுத்து வைத்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் போன்றோர் எழுத்துருக்களை ஆக்கித் தந்தனர். ஆயினும் 1990-களின் பிற்பகுதியில் தமிழ் நாளேடுகளும் இதழ்களும் இணையத்துக்கு வந்தபோது, பலவும் தத்தமக்கென ஓர் எழுத்துருவையும் குறியீட்டு முறையையும் வைத்திருந்தன. உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால் தமிழுக்குப் பதில் பொருளற்ற குறிகளே வரிசையாக நிற்கும். ஓர் ஏட்டுக்குரிய எழுத்துரு மற்றோர் ஏட்டுக்கு உதவாது.

இக்குழப்பத்தைத் தீர்க்க ஆர்வலர்கள் கூடித் திஸ்கி என்னும் முறையை வகுத்தனர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. இதற்கிடையே உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறியில் 1991-ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. விண்டோஸ் 2000-இல் அதற்கு வசதி கிடைத்தபின் மெல்ல மெல்ல எல்லாரும் அதன் பக்கம் வந்தனர். 2010 ஜூன் திங்களில் தமிழக அரசும் அதனை ஏற்றுக்கொண்டது.

1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் நம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றிவந்தது. முதலில் வேறு முறைகளில் ஏற்றிய நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. மாற்றியதால் அவை இன்றும் வாழ்கின்றன. மாற்றாமல் விட்ட எத்தனையோ பக்கங்கள் இன்று படிக்க ஆளின்றிக் கிடக்கின்றன. அன்று அவற்றை எழுதியவர்களின் தமிழில் குறையில்லை. தேர்ந்த கருவியிலேதான் குறை.

நாங்களும் அறிவிப்பைப் படமாக ஒட்டியபோது அதே பிழையைத்தான் செய்தோம். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேட முடியாது, நகலெடுக்க முடியாது, கண் பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் மென்பொருளாலும் அதை நேராகப் படிக்க இயலாது.

தமிழுக்கென்று சில கவனங்கள்

பக்க வடிவமைப்புகளிற் பல ஆங்கில எழுத்தை மனத்திற்கொண்டே வரையப்படுகின்றன. ஆங்கிலத்தில் 'சப்மிட்' என்பது ஆறெழுத்து. அதே பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' என்று ஒன்பது எழுத்தை அடைத்தால் பொத்தான் வெடிக்கும்! எழுத்தைச் சுருக்குவதைவிட 'அனுப்புக' என்று எளிய சொல்லை இடுவதே அறிவுடைமை. வரிகளுக்கிடையே சற்றுத் தாராளமாக இடம் விட வேண்டும். இல்லையேல் மேல்வரியின் உகரக் குறியும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும்.

பெயர் எழுதும் பெட்டியில் இன்னும் கவனம் வேண்டும். பன்னிரண்டு குறியீடு போதும் என்று பெட்டி கட்டினால், எட்டெழுத்தே உள்ள 'அந்தோணியம்மாள்' என்னும் பெயர் அதற்குள் அடங்காது. கணிப்பொறிக்கு அது பதினான்கு குறியீடு. ஆகவே கடைசி 'ள்' அறுபட்டு, 'அந்தோணியம்மா' என்று நிற்கும். பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழையால் அலைந்தவர்களுக்கு இதன் வலி தெரியும்.

எழுதுகோல் எதுவாயினும்

எந்த எழுதியில் நிரல் எழுதுவது சிறந்தது என்று எங்கள் வகுப்பில் ஓயாத வாதம். 2015-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விஎஸ் கோடு எளிது என்பர் சிலர். 1991-இல் பிராம் மூலனார் என்னும் டச்சுக்காரர் வெளியிட்ட விம் விரைவானது என்பர் சிலர். விம்மைப் பற்றிய ஒரு செய்தி எங்களைத் தொட்டது. அதற்கு அவர் விலை கேட்கவில்லை. பயன்பெற்றவர்கள் விரும்பினால் உகாண்டா நாட்டுக் கிபாலேயில் உள்ள ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்றே கேட்டுக்கொண்டார். 2023-இல் அவர் மறைந்தார். மென்பொருள் இன்றும் இயங்குகிறது.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பால் பல விலங்குகளை வீழ்த்தியதாகச் சங்கப் பாடல் கூறும். அது வில்லாளியின் திறமேயன்றி வில்லின் விலையன்று. சாதாரண நோட்பேடிலும் நல்ல பக்கம் எழுதலாம். எது கைக்குப் பழகியதோ அதுவே போதும் என்பது எங்கள் முடிவு.

மீண்டும் எழுதினோம்

பழைய பக்கத்தை முற்றிலும் நீக்கிவிட்டு மீண்டும் எழுதினோம். முதல் வரியில் கடைசி நாள். இரண்டாம் வரியில் கொண்டுவர வேண்டிய சான்றுகள். அதன்கீழ் பள்ளியின் தொலைபேசி எண். தொட்டால் அழைப்புப் போகும். படம் இல்லை, சட்டகம் இல்லை. மொத்தம் 4 கிலோபைட். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போன தோழி, தன் வீட்டு வாசலில் நின்றே அதைத் திறந்து பார்த்ததாக வந்து சொன்னாள். மேட்டுக்கு ஏற வேண்டியிருக்கவில்லை. அவள் தங்கை இப்போது எங்களோடு விடுதியில்தான் இருக்கிறாள்.

தோழியரே, நாளை உங்களுள் பலர் கணிப்பொறித் துறையில் பணியாற்றுவீர்கள். புதிது புதிதாகக் கருவிகள் வரும், அவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் எதையும் கையிலெடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்:

1. இதைப் படிக்கப் போகிறவர் யார்? அவர் கையில் இருப்பது என்ன?
2. அலங்காரம் முழுவதும் வராமற்போனாலும் செய்தி போய்ச் சேருமா?
3. பத்தாண்டு கழித்தும் இது திறக்குமா?

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எங்கள் பக்கங்களில் ஏதேனும் திறக்கவில்லையானால், உங்கள் கைப்பேசியின்மேல் குறை காணாதீர்கள். எங்களிடம் வந்து சொல்லுங்கள். பைல் நாட்டிலிருந்து ஒருவர் வந்து சொன்னதால்தான் நாங்கள் இவ்வளவும் கற்றோம்.

— மேனிலை முதலாம் ஆண்டு, கணிப்பொறி அறிவியல் பிரிவு மாணவியர்