வரைபடத்தைச் சொற்களில் எழுதுவது எப்படி?



வரைபடத் தாளில் புள்ளிகளைக் குறித்து, அவற்றை இணைத்து வளைகோடு வரைவது உங்களுக்குப் பழகிய வேலைதான். ஆனால் வரைந்து முடித்த படத்தைக் காட்டி, "இது என்ன சொல்கிறது? ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுது" என்றால் பலருக்குப் பேனா நகர்வதில்லை. வெளிநாட்டில் உயர்கல்வி பெற விரும்புவோர் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் கல்விப் பிரிவில் இதற்கென்றே ஒரு வினா உண்டு. ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ கொடுத்து, ஏறத்தாழ 20 நிமிடங்களில், குறைந்தது 150 சொற்களில் விவரிக்கச் சொல்கிறார்கள்.

ஆங்கிலக் கட்டுரையைப் பற்றி இயற்பியல் ஆசிரியர் ஏன் பேச வேண்டும் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

நான் தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்துக் கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டு. சூடான நீர் ஆறுவதை அளக்கும் சோதனையைச் செய்தோம். அறையின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை நீரின் வெப்பநிலையைக் குறித்தோம். அன்று கிடைத்ததைப் போன்ற அளவீடுகளை இங்கே தருகிறேன்.

தொடக்கத்தில் – 80 டிகிரி
5 நிமிடம் – 68
10 நிமிடம் – 59
15 நிமிடம் – 52
20 நிமிடம் – 47
25 நிமிடம் – 43
30 நிமிடம் – 40

வளைகோட்டை அழகாக வரைந்தேன். அதன் கீழே, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பத்து நிமிடத்தில் வெப்பநிலை 'ஃபெல் பை 59 டிகிரீஸ்' என்று எழுதினேன். ரெக்கார்டு நோட்டைப் பார்த்த பேராசிரியர் கேட்டார்: "ஏன் தம்பி, நடுவில் பனிக்கட்டி ஏதாவது போட்டாயா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் விளக்கினார். 'பை 59' என்றால் 59 டிகிரி குறைந்தது என்று பொருள். 80-இலிருந்து 59 போனால் மீதி 21. முப்பது டிகிரி உள்ள அறையில் சும்மா வைத்த நீர் 21 டிகிரிக்கு எப்படிப் போகும்? நான் எழுதியிருக்க வேண்டியது 'ஃபெல் டு 59'. ஒரு சிறு சொல் மாறியதால் என் நீர் 38 டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிட்டது! அதை நான் வெறும் இலக்கணப் பிழை என்று அதன்பின் நினைக்கவில்லை.

எவ்வளவு? எதுவரை?

இந்த வேறுபாடு தமிழில் நமக்கு இயல்பாகவே வரும். "வெப்பநிலை 21 டிகிரி குறைந்தது" என்றால் மாற்றத்தின் அளவு. "வெப்பநிலை 59 டிகிரியாகக் குறைந்தது" என்றால் வந்து சேர்ந்த இடம். தமிழில் 'ஆக' என்ற ஒட்டு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் 'டு' செய்கிறது. மாற்றத்தின் அளவைச் சொல்ல 'பை' வருகிறது. தொடங்கிய இடத்தைச் சொல்ல 'ஃப்ரம்' வருகிறது. எனவே ஆங்கிலத்தில் எழுதும் முன், அந்த வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். 'ஆக' வந்தால் 'டு', வராவிட்டால் 'பை'.

மேலே உள்ள பட்டியலில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. முப்பதாவது நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை 40 டிகிரியாகக் குறைந்தது. 40 டிகிரியும் குறைந்தது! அந்த ஓர் இடத்தில் எந்தச் சொல்லைப் போட்டாலும் விடை சரியாகிவிடும். அதை நம்பி மற்ற இடங்களில் ஏமாந்துவிடாதீர்கள்.

எந்த வேகத்தில்?

அடுத்து, வளைகோட்டின் சாய்வைச் சொற்களில் கொண்டுவர வேண்டும். முதல் ஐந்து நிமிடத்தில் 12 டிகிரி குறைந்தது. அடுத்தடுத்த ஐந்து நிமிடங்களில் 9, 7, 5, 4, 3 என்று குறைந்தது. அறைக்கும் நீருக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு சுருங்கச் சுருங்க, ஆறும் வேகமும் சுருங்குகிறது. இது நியூட்டனின் குளிர்தல் விதி.

இதை எழுத வந்த மாணவர் பலர் 'ஸ்டெடிலி', அதாவது 'சீராக', என்ற சொல்லைப் போடுகிறார்கள். சம கால இடைவெளிகளில் சம அளவு குறைந்தால்தான் சீராகக் குறைந்தது எனலாம். அப்போது வரைபடம் நேர்கோடாக இருக்கும். நம் கோடு வளைந்திருக்கிறதே! "முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் குறைந்தது" என்பதே பொருத்தம். ஆங்கிலத்தில் 'ரேப்பிட்லி அட் ஃபர்ஸ்ட் அண்ட் தென் மோர் ஸ்லோலி' என்று எழுதலாம்.

இன்னும் பெரிய தவறு ஒன்று உண்டு. அளவு மாறுவதையும், அது மாறும் வேகம் மாறுவதையும் குழப்பிக்கொள்வது. கடைசி ஐந்து நிமிடத்தில் ஆறும் வேகம் குறைந்தது உண்மை. ஆனால் வெப்பநிலை நிற்கவில்லை. அது இன்னும் குறைந்துகொண்டுதான் இருக்கிறது. இந்தக் குழப்பம் தேர்வுத் தாளோடு நிற்பதில்லை. அதற்கு உலகறிந்த ஒரு வரைபடத்தைப் பார்ப்போம்.

கீலிங் வளைகோடு

ஹவாய்த் தீவில் மௌனா லோவா என்னும் எரிமலையின் சரிவில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் ஓர் ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே 1958-ஆம் ஆண்டில் சார்லஸ் டேவிட் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கினார். 1959-இல் ஆண்டுச் சராசரி, பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளுக்கு 316. 2023-இல் அது 421.

இதை எப்படி எழுதுவீர்கள்? 316-இலிருந்து 421 ஆக உயர்ந்தது. அதாவது 105 உயர்ந்தது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. மூன்று வாக்கியமும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. ஆனால் இந்த வரைபடத்தைப் பார்த்துச் சிலர் "பல மடங்கு உயர்ந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். ஏன்? இதை அச்சிடுவோர் பெரும்பாலும் செங்குத்து அச்சைப் பூச்சியத்திலிருந்து தொடங்குவதில்லை. 300-க்கும் சற்று மேலிருந்து தொடங்குகிறார்கள். அதனால் கோடு தாளின் அடியிலிருந்து உச்சிக்கு ஏறுவதுபோல் தெரிகிறது. கோட்டைப் பார்க்கும் முன் அச்சைப் படிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

கோடு வழுவழுப்பாகவும் இல்லை; ரம்பத்தின் பற்களைப் போல ஆண்டுதோறும் ஏறி இறங்குகிறது. மே மாதத்தில் உச்சம். செப்டம்பர், அக்டோபரில் தாழ்வு. வட அரைக்கோளத்துத் தாவரங்கள் கோடையில் வளரும்போது இந்த வாயுவை எடுத்துக்கொள்வதே காரணம். ஆனால் ஒவ்வொரு பல்லையும் விவரிக்கப் புகுந்தால் 150 சொற்கள் போதா. முதலில் முழுப்போக்கு, பிறகு சிறு ஏற்ற இறக்கம். இதுவே எழுதும் முறை.

இனி அந்தக் குழப்பத்திற்கு வருவோம். 2020-இல் கொள்ளைநோயால் உலகமே முடங்கியபோது, மனிதர்கள் எரிபொருளால் வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடு முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 5 விழுக்காடு குறைந்தது. அப்படியானால் கீலிங் வளைகோடு இறங்கியிருக்க வேண்டும் அல்லவா? இல்லை. 2019-இல் ஏறத்தாழ 412 ஆக இருந்த சராசரி, 2020-இல் ஏறத்தாழ 414 ஆனது!

தண்ணீர்த் தொட்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயைச் சிறிது மூடினீர்கள். நீர் விழும் வேகம் குறைந்தது. ஆனாலும் விழுகிற நீர் வெளியேறும் நீரைவிட அதிகம். தொட்டியின் மட்டம் ஏறத்தானே செய்யும்? "வெளியேற்றம் குறைந்தது" என்பதும் "காற்றில் உள்ள அளவு குறைந்தது" என்பதும் ஒன்றல்ல. இந்த இரண்டு வாக்கியங்களையும் வேறுபடுத்தத் தெரியாதவர், செய்தித்தாளைப் படித்துவிட்டு ஆபத்து நீங்கியது என்று நிம்மதி அடைந்துவிடுவார். வளர்ந்து வாக்களிக்கப் போகும் நீங்கள் அப்படி ஏமாறலாகாது.

பத்தியை அமைக்கும் முறை

முதல் வாக்கியத்தில், படம் எதைக் காட்டுகிறது, எந்தக் காலத்திற்கு, எந்த அலகில் என்று சொல்லுங்கள். இதற்கு நிகழ்காலம் போதும்: 'தி கிராஃப் ஷோஸ்'. இரண்டாவதில் முழுப்போக்கைச் சொல்லுங்கள். நடந்து முடிந்தவற்றுக்கு இறந்தகாலம்: 'ரோஸ்', 'ஃபெல்'. பிறகு முக்கியமான இரண்டு மூன்று எண்களை மட்டும் கொடுத்து ஒப்பிடுங்கள். எல்லா எண்களையும் அடுக்கினால் அது பத்தி ஆகாது; அட்டவணையே மறுபடி வந்துவிடும். படத்தில் இல்லாத காரணத்தைக் கற்பித்து எழுதாதீர்கள்.

செய்து பாருங்கள்

வீட்டில் பெரியவர் ஒருவரின் துணையோடு ஒரு டம்ளர் வெந்நீரை ஆறவிட்டு, வெப்பமானியால் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை அளந்து வரைபடம் வரையுங்கள். அதைத் தமிழில் ஐந்து வாக்கியங்களில் எழுதுங்கள். பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஆங்கிலப் பத்தியை மட்டும் ஒரு நண்பரிடம் கொடுத்து, படத்தைக் காட்டாமல், அவரையே வரைபடம் வரையச் சொல்லுங்கள். இரண்டு கோடுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் கோடு எங்கே விலகுகிறதோ, அங்கே உங்கள் வாக்கியத்தைத் திருத்துங்கள். மதிப்பெண் போட வேறு ஆசிரியர் தேவையில்லை.