கெட்டது கிட்னி, எக்கோ எதுக்கு?

என் மாமாவுக்கு வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். சிதம்பரம் ஹாஸ்டல்ல இருக்கற நான், லீவு நாள்ல கடலூருக்கு பஸ் ஏறி அவர்கூடப் போவேன். போன மாசம் டாக்டர் எக்கோ எடுக்கச் சொன்னார். "கெட்டது கிட்னிதானடா, நெஞ்சை எதுக்குப் பாக்குறாங்க?"ன்னு மாமா கேட்டார். எனக்குப் பதில் தெரியல. தேடிப் படிச்சதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல் பதில் எளிது. கிட்னி பழுதானால் உடலில் உப்பும் நீரும் தேங்கும், பிபி ஏறும், இதயத்துக்குச் சுமை கூடும். டயாலிசிஸ் நோயாளிகளின் இறப்புக்கு முக்கியக் காரணமே இதய நோய்தான். இன்னொரு பதில் செல்லுக்குள்ள இருக்கு.

மைக்ரோ ஆர்என்ஏ என்றால்?

எம்ஆர்என்ஏவிலிருந்து புரதம் உருவாகும். இது பிளஸ் டூ பாடம். சுமார் 22 எழுத்து நீளமே உள்ள மைக்ரோ ஆர்என்ஏ, பொருத்தமான எம்ஆர்என்ஏவில் ஒட்டிக்கொண்டு அந்தப் புரத உற்பத்தியைக் குறைக்கும். ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி. 1993இல் ஒரு மில்லிமீட்டர் புழுவில் இதைக் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டு உறுப்பு, ஒரே தழும்பு

மிர்-21 என்ற மைக்ரோ ஆர்என்ஏ, கிட்னி பழுதாகும்போதும் கூடும், இதயம் திணறும்போதும் கூடும். காயத்தைத் தழும்பாக்குவது ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களின் வேலை. அதற்கு பிரேக் போடும் புரதம் ஸ்ப்ரௌட்டி-1. எலி இதயத்தில் மிர்-21 அந்த பிரேக்கையே தளர்த்துகிறது என்று 2008இல் ஒரு குழு காட்டியது. நார்த்திசு சேரச் சேர இதயம் விறைக்கும். கிட்னியில் வடிகட்டும் இடம் குறையும்.

அப்போ மிர்-21ஐ அடக்கினா போதுமே? அதற்காக வந்த லேடமிர்சென் மருந்து, ஆல்போர்ட் என்ற பரம்பரை கிட்னி நோய்க்கு எலிகளில் பலன் தந்தது. மனிதர்களில் பலன் தெரியாததால், இரண்டாம் கட்டச் சோதனை 2022இல் நிறுத்தப்பட்டது. ஒரு மைக்ரோ ஆர்என்ஏ பல எம்ஆர்என்ஏக்களைத் தொடும். ஒரே ஸ்விட்ச்ல சரியாகுற சர்க்யூட் இல்ல இது.

இன்னைக்கு நம்மால முடியறது

மைக்ரோ ஆர்என்ஏவை வைத்து நோயை முன்கூட்டியே கண்டுபிடிப்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கு. கிரியாட்டினினை மட்டும் நம்பவும் முடியாது. கிட்னியின் திறன் பாதி போன பிறகும் அது நார்மல்னு காட்டலாம். ஆனா சிறுநீர்ல புரதம் கசியுதான்னு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே பார்க்கலாம். பத்து வருஷமா சுகர் இருந்தும் மாமா அதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல.

இதெல்லாம் சொன்னதும் மாமா கேட்டது ஒண்ணுதான்: "அக்காவுக்கும் சுகர் இருக்கே, அது டெஸ்ட் எடுத்துச்சா?"

அக்கான்னு அவர் சொன்னது என் அம்மாவை. எடுக்கல. சனிக்கிழமை கூட்டிட்டுப் போறேன்.